என் மனைவி விற்ற வீடுகள்

இராஜபாளையத்தில் மில் சங்கு ஊத ஆரம்பித்த காலத்தில் நான் அங்கே வீட்டுத் தரகு பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எழுதுகிற வேலை. யாரோ விற்ற வீட்டை யாரோ வாங்கியதாக நாள் முழுக்க எழுதி எழுதிக் கை சலித்துப்போயிற்று. விற்கிறவரையும் வாங்குகிறவரையும் பத்திர ஆபீசுக்குக் கூட்டி வருகிற தரகர் வெள்ளை வேட்டியில் நிழலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். அந்த ஆளாக நாம் ஏன் ஆகக்கூடாது என்று தோன்றியது. கல்யாணமான கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு இராஜபாளையத்துக்கு வந்து, ஒரு வாடகை வீட்டில் குடியேறினேன்.

அதுவரை அங்கே வீடு கைமாறுவதென்றால் பங்காளிகளுக்குள்தான். தரகனுக்கு வேலை கிடையாது. மில் வந்த பிறகு மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் குமாஸ்தாக்களும் ஓவர்சியர்களும் பஞ்சு வியாபாரிகளும் வந்தார்கள். அவர்களுக்கு எந்தத் தெரு யாருடையது என்று தெரியாது. எந்தத் தெருவில் யாரைக் குடியிருக்க விடுவார்கள், யாரை விடமாட்டார்கள் என்பது எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. கிறிஸ்தவனான எனக்கே சில வீடுகளில் வாசலோடு பேச்சு முடிந்துவிடும். ஆனாலும் அந்த வீட்டை விற்றுக்கொடுக்க நான் வேண்டும்.

என் தொழிலில் எனக்கென்று சில வழக்கங்கள் வைத்திருந்தேன். வீட்டைக் காலையில்தான் காட்டுவேன். கிழக்கு வெளிச்சத்தில் எந்தச் சுவரும் நல்ல சுவராகத் தெரியும். வாங்குகிற பார்ட்டி வருவதற்கு முன்னால் கிணற்றில் இரண்டு வாளி இறைத்து முற்றத்தைக் கழுவிவிடச் சொல்வேன். நல்ல வீட்டைக் காட்டுவதற்கு முன் ஒரு மோசமான வீட்டைக் காட்டிவிடுவேன். உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை வாயை மூடமாட்டேன். தேக்கு விட்டம் பர்மாவிலிருந்து வந்தது, நிலைப்படி காரைக்குடித் தச்சன் செய்தது, இந்த வீட்டில் பிறந்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போவேன். பார்ட்டி யோசிக்க ஆரம்பித்தால் வியாபாரம் போச்சு என்பது என் எண்ணம். அந்த வட்டாரத்தில் என்னைப்போல வீடு காட்ட ஆளில்லை என்று நானே நினைத்திருந்தேன்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஓட்டு வீடு விற்பனைக்கு வந்து, வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. எத்தனையோ பேருக்குக் காட்டிவிட்டேன். எல்லாரும் விட்டத்தைப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், திரும்பி வரமாட்டார்கள். மில்லுக்குப் புதிதாக வந்த ஒரு கணக்கர் தம் மனைவியோடு ஜட்காவில் வந்தார். அவர் இறங்கினார். அந்த அம்மாள் இறங்கவில்லை. கூட ஒரு பெண் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் வரமாட்டேன் என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

என் வீடு அடுத்த தெருவில்தான். ஓடிப்போய் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் உரலில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கையைக் கழுவிட்டு வா. ஒரு பொம்பளைக்குத் துணைக்கு நிக்கணும், அம்புட்டுதான்."

வந்தாள். ஜட்கா அருகே போய் ஏதோ சொன்னாள். கணக்கர் மனைவி இறங்கி அவளோடு உள்ளே போனார். நானும் கணக்கரும் முற்றத்தில் நின்றோம். நான் தேக்கு விட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மனிதர் மரியாதைக்கு என் முகத்தைப் பார்த்தாரே தவிர, காது முழுக்க உள்ளே இருந்தது. அடுப்படியிலிருந்து பேச்சும் சிரிப்பும் வந்தன. நடுவில் என் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மேலக்காத்து அடிக்கிற மாசத்துல இங்க புகை நிக்கும்க்கா. கிணத்துத் தண்ணியும் உப்புக் கரிக்கும், பருப்பு வேகாது. நாலு வீடு தள்ளி ஒரு கிணறு இருக்கு, குடிக்கிறதுக்கு அவிய எடுக்க விடுவாவ. நானும் அங்கதான் எடுக்கேன்."

அங்கே முன்பு குடியிருந்தவர்களோடு அவளுக்குப் பழக்கம் உண்டு. இத்தனை நாள் நான் காப்பாற்றி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். அதற்குப் பிறகு உள்ளேயிருந்து ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. என் மனைவி மட்டும் வெளியே வந்து தூணருகே நின்றுகொண்டாள். நான் கண்ணால் கேட்டதற்கு, பேசாமல் இருங்கள் என்று கண்ணாலேயே சொன்னாள். கடைசியில் கணக்கர் மனைவி வெளியே வந்தார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. அடுப்படிக்கு மேல ஒரு புகைக்கூண்டு மட்டும் வைக்கச் சொல்லுங்க" என்று கணவரிடம் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன்: "புகை நிக்கும்னு உன்னை யாரு சொல்லச் சொன்னது?"

"நாளைக்கு அடுப்பு மூட்டினா அவுகளுக்கே தெரிஞ்சிராதா? பொறவு தெருவுல பாத்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது?"

அன்று எனக்குச் சந்தோஷம்தான். அச்சாரம் வாங்கிவிட்டேன், சில வாரத்தில் கிரயமும் முடிந்துவிட்டது. அந்த வீட்டில் பால் காய்ச்சிய மறுநாள் கணக்கர் வீட்டு வேலைக்காரம்மா ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கோடு எங்கள் வாசலில் வந்து நின்று, "தரகரம்மா இருக்காவளா?" என்று கேட்டாள். நான்தான் வாங்கி உள்ளே வைத்தேன். முறுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் கடிக்கும்போது அந்தச் சொல்லும் கூடவே வந்தது. தரகர் என்றால் ஊரில் நான். தரகரம்மா என்றால் தரகருடைய மனைவி என்றுதான் அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாமல் போயிற்று. கணக்கர் மனைவி சொல்லி இன்னொரு பெண் வந்தாள். அவள் சொல்லி இன்னொருத்தி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆண்கள் என்னிடம் மழையைப் பற்றியும் பஞ்சு விலையைப் பற்றியும் பேசுவார்கள். வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் என் மனைவியைச் சுற்றி நிற்பார்கள். குடைக்கம்பை மண்ணில் குத்திக்கொண்டு, பேச்சு முடியும்வரை நான் வெயிலில் காத்திருப்பேன்.

எங்கள் வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கல்யாணமாகி வந்த சில வருஷத்துக்குள் என் மனைவி சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டாள். அதே சுவருக்குள் அதே வருஷங்கள் நானும்தான் இருந்தேன். எனக்கு ஒரு வரி வரவில்லை. ஒருநாள் ஊரில் பெரிய நிலக்காரர் ஒருவருடைய வீட்டம்மா, காலியாகக் கிடந்த அவர்கள் வீட்டை விற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் தெலுங்கில் பேசியதில் எனக்குப் புரிந்தது 'அம்மா' என்ற ஒரே சொல். சாவியைக் கேட்டேன். தரவில்லை. சாயங்காலம் அவர்கள் வீட்டு வண்டி வந்து என் மனைவியை ஏற்றிக்கொண்டு போயிற்று. திரும்பி வந்தபோது அவள் முந்தானையில் அந்தச் சாவி முடிந்திருந்தது. அதோடு ஒரு சீப்பு வாழைப்பழம். என்னிடம் சாவியை நீட்டினாள். வாங்கி ஆணியில் மாட்டினேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு ருசி தெரியவில்லை.

காப்பி கிளப்பில் ஒரு புதுக்கடைக்காரர் என்னைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தார். "வாங்க, வாங்க. தரகரம்மா வீட்டுக்காரர் நீங்கதானா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். காப்பிக்கும் அவரே கொடுத்தார். அந்தக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவளுக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். பத்திரம் தெரியாது. வில்லங்கம் பார்க்கத் தெரியாது. நாலு பக்கத்து எல்லை சொல்லத் தெரியாது. உண்மையைப் போட்டு உடைக்கிறாள், அவ்வளவுதானே, அதை நான் செய்தால் என்ன என்று தோன்றியது. சோழபுரத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, மகன் மில்லில் சேர்ந்திருப்பதால் இங்கே ஒரு வீடு தேடினார். மனைவியைக் கூப்பிடாமல் நானே கூட்டிப்போனேன். வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"ஐயா, ஒளிக்க வேண்டியதில்லை. இந்த வடக்குச் சுவர் கரிசல் மண்ணுல நிக்கிது. கோடையில வெடிப்பு விடும். கொல்லையில ஒரு மூலையில கறையான் இருந்துச்சு, இப்ப இல்ல."

அவர் தலைப்பாகையை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தரகர் வாயாலயே இம்புட்டு வருதுன்னா, சொல்லாதது எம்புட்டு இருக்குமோ. நான் வாரேன்."

உள்ளே காலெடுத்து வைக்காமலே போய்விட்டார். அந்த மாதமே அவர் மனைவி வந்து என் மனைவியைப் பார்த்து, அதே வீட்டை, அதே வெடிப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே விலைக்கு முடித்துக்கொண்டார். தரகு என் கைக்குத்தான் வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அன்றைக்குச் சண்டை போட்டேன். "இனிமே நீயே தரகு பாரு. நான் மாவாட்டுதேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "உங்களுக்குப் பிடிக்கலைன்னா நான் வரலைங்க. நானா போனேன்? கூப்பிட்டீக, வந்தேன்" என்று சொல்லிவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள்.

சொன்னபடியே நின்றுகொண்டாள். வாசலில் வந்து கேட்கிற பெண்களிடம், "அவியகிட்டப் பேசுங்க, எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லி அனுப்பினாள். அவர்கள் என்னிடம் பேசவில்லை. "அப்ப உங்களுக்குத் தோதுப்படுதப்ப வாரோம்க்கா" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் ஒரு மச்சு வீடு வந்தது. வாங்க வந்தவர் வயதான பஞ்சு வியாபாரி. பெண்சாதி இல்லாதவர். பிள்ளைகள் எல்லாம் வெளியூர். அவர் அடுப்படிப் பக்கமே போகவில்லை. பொதி வைக்கக் கீழே எத்தனை இடம், வண்டி நிற்க முடியுமா, கதவு திடமா என்று பார்த்தார். நான் பழையபடி பேசினேன். காரைச் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினேன். மச்சுப்படி ஏறும்போதும் பேசினேன், இறங்கும்போதும் பேசினேன். இரண்டு நடையில் கிரயம் முடிந்தது. அத்தனை பெரிய வீட்டை நான் அதுவரை முடித்ததில்லை. அவளும் முடித்ததில்லை.

ரயிலில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சாதாரணமாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் இத்தனை மாதமாகப் பட்டதில் ஒரு துளியாவது அந்த முகத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நெசமாவா? அந்தக் கடைத்தெரு மச்சு வீட்டையா? ஒத்த ஆளாவா முடிச்சீக?"

அவள் கண் விரிந்தது. உடனே சுவர்ப்பக்கம் போய் அடுத்த வீட்டம்மாவைக் கூப்பிட்டுத் தெலுங்கில் ஏதோ கடகடவென்று சொன்னாள். அந்த அம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று இருந்த வெல்லத்தைப் போட்டுப் பாயசம் வைத்தாள். நான் தேடியது அவள் முகத்தில் எங்கேயும் இல்லை. முழுச் சந்தோஷமாக இருந்தாள். பாயசத்தைக் குடித்துக்கொண்டே பார்த்தேன், அப்போதும் இல்லை. அவளால் இது முடிகிறதே, என்னால் முடியவில்லையே என்று அதற்கும் சேர்த்துப் பொருமினேன்.

சில வாரம் கழித்து அவளே கேட்டாள்: "நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருல ஒரு வீடு பாக்கணும். நீங்களும் வாரீகளா?"

"யாரு பார்ட்டி?"

"வாங்க, சொல்லுதேன்."

திரும்பவும் ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனாலும் போனேன். மம்சாபுரம் போகிற பாதையில், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லைக்குக் கொஞ்சம் உள்ளே, சின்ன ஓட்டு வீடு. மம்சாபுரம் அவளுடைய பிறந்த ஊர். அவளுடைய அம்மா இன்னும் அங்கேதான் இருந்தார். அந்த வழியே போகும்போது பார்த்திருக்கிறாள்போல. கதவைத் திறந்தாள். யாரும் வரவில்லை.

"பார்ட்டி எங்க?"

"நீங்கதான்."

சிரிக்கவில்லை. வாங்க வந்தவளிடம் எப்படிப் பேசுவாளோ அப்படியே என்னிடம் பேச ஆரம்பித்தாள். நான் ஒரு நாளும் அதை நேரில் பார்த்ததில்லை. எனக்கு எப்போதும் முற்றம்தான். முன்கூடமான பட்டாசாலையில் நிறுத்தி, "தாவாரத்து ஓடு ரெண்டு இடத்துல ஒழுகும், மாத்தணும்" என்றாள். "அடுத்த வீட்டுல மாடு இருக்கு, ஈ வரும். ஆனா அந்தக்கா நல்லவுக. உங்களுக்குக் காச்சல்னா எட்டிப் பாப்பாவ" என்றாள். "சர்ச்சுக்குச் செத்த தூரம் நடக்கணும். மழைக்காலத்துல உங்க வேட்டி சேறாகும்." என் வேட்டியைப் பற்றிச் சொன்னதும் எனக்கு என்னவோபோல் இருந்தது. மற்றவர்களிடம் அவர்கள் வேட்டியைப் பற்றிச் சொல்லியிருப்பாள், அவர்கள் பிள்ளைகளைப் பற்றி, அவர்கள் மாமியாரைப் பற்றிச் சொல்லியிருப்பாள்.

பிறகு அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

"இங்க உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்க. நான் கொல்லையில நிக்கேன்."

போய்விட்டாள். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பேச யாருமில்லை. ஜன்னல் வழியே வெயில் ஒரு சதுரமாகத் தரையில் கிடந்தது. பக்கத்து வீட்டு மாடு அசைபோடுகிற சத்தம் கேட்டது. முதலில் சுவரில் விரிசல் தேடினேன். பிறகு தேடவில்லை. இங்கே அவள் உட்கார்ந்து காய் நறுக்கினால் நான் எங்கே இருப்பேன் என்று நினைத்தேன். என் நார்க்கட்டில் பட்டாசாலையில் எந்தப் பக்கம் போடலாம், முகம் மழிக்கிற கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று நினைத்தேன். அங்கே என்னைத் தேடி வருகிறவர்கள் எந்த வழியாக வருவார்கள் என்றுகூட நினைத்தேன். நான் யாருக்கும் இந்த நேரத்தைக் கொடுத்ததில்லை. பார்ட்டி பேசாமல் நின்றாலே எனக்குப் பயம். இவள் ஒவ்வொருத்தியையும் இப்படி விட்டுவிட்டு வந்து தூணருகே நின்றிருக்கிறாள்.

அந்த இடத்தில் என் எரிச்சல் திசைமாறிற்று. அவள் பெயர் எடுத்ததைப் பற்றி இல்லை. கணக்கர் மனைவி, நிலக்காரர் வீட்டம்மா, சோழபுரத்துக்காரர் மனைவி, பெயர் தெரியாத எத்தனையோ பெண்கள், எல்லாருக்கும் எனக்கு முன்னால் இது கிடைத்திருக்கிறது. அவர்களுக்கு வேண்டியதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களுக்காகக் கிணறு தேடி, அண்டை வீட்டில் பேசி வைத்து, இத்தனையும் செய்தவள் ராத்திரி வந்து எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் அந்தச் சோற்றை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றிருக்கிறேன். அந்தப் பெண்கள்மேல் எனக்கு வந்த பொறாமைக்கு அளவில்லை.

கொல்லைக்குப் போனேன். முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுதீக?"

"விலை கொஞ்சம் கூடுதல்" என்றேன்.

"அது உங்க வேலை. பேசிக் குறைங்க" என்றாள்.

பேசிக் குறைத்தேன். அவள் அம்மாவுக்கும் பக்கம், தரகுக்கு இராஜபாளையம் போய்வரவும் பஸ் இருந்தது. கையிலிருந்ததோடு அவள் வளையலும் சேர்ந்துதான் அந்த வீடு எங்களுக்கு வந்தது. கிரயம் எழுத, நான் முன்பு வேலை பார்த்த அதே பத்திர எழுத்தரிடம் போனோம். அவருக்குக் கண் மங்கியிருந்தது. பேனாவை மையில் தொட்டுக்கொண்டு யார் பேரில் எழுத என்று கேட்டார்.

"அவ பேர்ல எழுதுங்க" என்றேன்.

அன்பினால் சொன்னேன் என்றால் அது முழு உண்மையாகாது. எப்படியும் ஊர் அவள் வீடு என்றுதான் சொல்லப்போகிறது. ஊர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டதாக இருக்கட்டும் என்ற நினைப்பும் அதில் இருந்தது.

அவள் குறுக்கே பேசினாள். "வேண்டாங்கய்யா. அவிய பேர்லயே எழுதுங்க. வீட்டு வரிக்கும் மத்ததுக்கும் ஆபீசு ஆபீசா நான் அலைய முடியாது."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேரில்தான் எழுதினார்.

கையெழுத்தெல்லாம் முடிந்து, இராஜபாளையத்து வாடகை வீட்டைக் காலி செய்யப் பஸ் ஏறினோம். யுத்தம் ஆரம்பித்திருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். அவள் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். நான் பின்னால் இருந்தேன். அவள் பக்கத்தில் இருந்த ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, அவளோடு பேச்சுக் கொடுத்தாள். புருஷனுக்கு மில்லில் வேலை கிடைத்திருக்கிறது, குடியிருக்க வீடு கிடைக்கவில்லை, வாங்க முடிந்தாலும் வாங்கலாம் என்று சொல்வது எனக்குக் கேட்டது.

என் மனைவி திரும்பி என்னைக் காட்டினாள். "நான் ஒண்ணும் இல்லம்மா. அவியதான் தரகர். அவியகிட்டக் கேளு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மரியாதையாகத் தலையசைத்தாள். பிறகு குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு என் மனைவி பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, "அடுப்படி கொஞ்சம் வெளிச்சமா இருந்தாப் போதும்க்கா" என்று ஆரம்பித்தாள். அதற்குள் மேடு வந்துவிட்டது. கண்டக்டர் சத்தம் போட்டார். நான் இறங்கி மற்ற ஆண்களோடு சேர்ந்து பஸ்ஸைத் தள்ளினேன். உள்ளே அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.